மண்குதிரைக்குக் கொள்ளு வேண்டாம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கண்மாய்க்கரையை ஒட்டிப் போனால் எங்கேயாவது ஓர் அய்யனார் கோயில் கண்ணில் படும். வாசலில் மண்குதிரைகள் நிற்கும். சிலது புது வர்ணத்தோடு பளபளக்கும். சிலது மழையில் கரைந்து, காது போய், கால் போய், பாதி மண்ணாகிக் கிடக்கும்.

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?" என்று பழமொழி கேட்கும். குண்டாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. அதனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறைவு. அவர்களுடைய முன்னோர்கள் பயந்தது வேறொரு குதிரைக்கு: உயிருள்ள குதிரைக்கு. மண்குதிரை தின்னாது. அது தின்னும்.

குதிரை என்றதும் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். புழுதி பறக்கும், வாள் சுழலும், பின்னணி இசை அதிரும். அந்தக் குதிரை மத்தியானம் என்ன சாப்பிட்டது என்று எந்தப் படத்திலும் காட்டுவதில்லை. ஆனால், அந்தச் சாப்பாட்டுக் கணக்கு ராஜ்ஜியங்களையே ஆட்டிவைத்திருக்கிறது. ஒருமுறை மதுரை நகரமே அந்தக் கணக்கில் அடகுக்குப் போனது.

மூன்று லாரித் தண்ணீர்

சுமார் 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்குத் தட்டையும் கொள்ளுமாக 8 முதல் 10 கிலோ தீவனம் வேண்டும். தண்ணீர் 30 லிட்டராவது வேண்டும். வெயில் ஏறினால் இன்னும் கூடும்.

ஆயிரம் குதிரைகள் ஓர் ஊரின் பக்கத்தில் முகாம் போடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 8 முதல் 10 டன் தீவனம் காலி. தண்ணீர் 30,000 லிட்டர். இன்று சாலையில் போகிற பெரிய தண்ணீர் லாரி மூன்று. இது குதிரைக்கு மட்டும். ஏறிவருகிற ஆளுக்கும், குதிரையைத் தேய்த்துவிடுகிறவருக்கும், புல் அறுத்து வருகிறவருக்கும் தனிக்கணக்கு.

கரிசல் சீமையில் இதற்கு எங்கே போவது? ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கம்பும் சோளமும் பருத்தியும் உண்டு. அறுவடை முடிந்ததும் சோளத்தட்டையைக் கட்டி, வீட்டுக்குப் பின்னால் படப்பாக அடுக்கிவைப்பார்கள். அடுத்த மழை வரும்வரை உழவு மாட்டுக்கு அதுதான் சோறு. ஊருணியில் கிடக்கிற தண்ணீர்தான் ஊருக்கே உயிர்.

கோடையில் ஒரு குதிரைப்படை இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனால் ஒரு சண்டையும் நடந்திருக்க வேண்டியதில்லை. படப்பு தீர்ந்திருக்கும். ஊருணி கலங்கியிருக்கும். மாடு மெலியும். மழை வரும்போது ஏர் பூட்ட மாட்டுக்குத் தெம்பு இருக்காது. விதைப்பு தள்ளிப்போனால் அடுத்த வருஷக் கஞ்சியும் போச்சு.

கடலில் செத்தாலும் காசு

தமிழ்நாட்டின் வெப்பமும் புல்லும் நல்ல போர்க்குதிரை வளர்ப்புக்கு ஒத்துவரவில்லை. அதனால் பாண்டியர் காலத்திலேயே குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து கப்பலில் வந்தன. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அவை இறங்கின.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அந்த வியாபாரத்தின் ஒப்பந்தத்தை எழுதிவைத்திருக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார். வழியில் கடலிலேயே குதிரை செத்தாலும் அதன் விலையைப் பாண்டியனின் கருவூலம் கட்டிவிட வேண்டும்! வியாபாரிக்கு நஷ்டமே கிடையாது.

1290-களில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோவுக்கு இதில் ஒரே ஆச்சரியம். பராமரிக்கத் தெரியாமல் குதிரைகள் செத்துக்கொண்டே இருக்கின்றன, ராஜா வாங்கிக்கொண்டே இருக்கிறார் என்று எழுதினார். குதிரை வைத்தியர்கள் யாரும் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் குறிப்பிட்டார். குதிரை பிழைத்துக்கொண்டால் அடுத்த வருஷ வியாபாரம் என்னாவது?

குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்ததும், நரி பரியான கதையும் நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். ராஜ்ஜியத்தின் பணம் பெட்டி பெட்டியாகக் குதிரைக்குப் போன காலத்தின் நினைவு அந்தக் கதைக்குள்ளும் இருக்கிறது. குதிரை வீரனுக்கு 'ராவுத்தன்' என்று ஒரு சொல் தமிழில் ஊறிப்போய், அருணகிரிநாதர் முருகனையே அப்படி அழைத்தார் என்றால், குதிரைக்கு இருந்த மவுசைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்து 'டை' கட்டிவிட்டவர்கள்

இதே காலத்தை ஒட்டி ஐரோப்பாவில் வேறொரு மாற்றம் நடந்தது. அங்கே அதுவரை குதிரை வீரன் என்றால் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்டவன். கனமான ஆள், கனமான குதிரை. நேருக்கு நேர் மோதுவது அவன் வேலை.

15-ஆம் நூற்றாண்டிலிருந்து வேறொரு வகை குதிரைக்காரர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஹங்கேரியின் ஹுஸ்ஸார்கள், வெனிஸ் நகரம் கூலிக்கு அமர்த்திய கிரேக்க, அல்பேனிய ஸ்ட்ராதியோத்திகள், பிறகு குரோஷியர்கள். கவசம் கிடையாது, அல்லது கொஞ்சம்தான். சின்னக் குதிரை, ஒரு ஈட்டி, ஒரு வளைந்த வாள். இவர்கள்தான் 'லைட் கேவல்ரி' எனப்பட்ட இலகு குதிரைப்படை.

எதிரி எங்கே இருக்கிறான் என்று வேவு பார்ப்பது, அவனுடைய தானிய வண்டிகளை மடக்குவது, ஓடுகிறவனைத் துரத்துவது, ஊர் ஊராகப் போய்த் தீவனம் திரட்டுவது இவர்கள் வேலை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் குரோஷியக் குதிரைக்காரர்கள் பேர் வாங்கினார்கள். அவர்கள் கழுத்தில் கட்டிய துணி பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. குரோஷியர் என்ற பெயரிலிருந்தே 'கிராவட்' என்ற சொல் வந்தது. இன்று ஆபீஸுக்குக் கட்டிப்போகிற டை அதன் பேரப்பிள்ளை.

நம் நாட்டில் இதே வேலையை மராத்தியக் குதிரைக்காரர்கள் செய்தார்கள். ஆர்க்காடு நவாபின் குதிரைக்காரர்களும் ஏறக்குறைய இதே ரகம்தான். ஆனால், இரண்டு கண்டங்களிலும் இந்த வீரர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதை அவர்களின் வீரம் மட்டும் தீர்மானிக்கவில்லை. 'குதிரை யாருடையது?' என்ற கேள்வி தீர்மானித்தது.

செத்தால் யாருக்கு நஷ்டம்?

மராத்தியப் படையில் இரண்டு வகை உண்டு. அரசாங்கக் குதிரையில் ஏறி, அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் பார்கீர். சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்தோடு வந்து, மொத்தமாகச் சம்பளம் பேசிக்கொள்கிறவர் சிலேதார். இன்றைய பாஷையில் சொன்னால் முன்னவர் கம்பெனி வண்டி ஓட்டும் டிரைவர். பின்னவர் கடன் வாங்கி சொந்தக் கார் எடுத்து, வாடகைக்கு ஓட்டுகிறவர்.

சொந்த வண்டிக்காரர் பள்ளம் மேடு பார்த்துத்தான் ஓட்டுவார். சிலேதாரும் அப்படித்தான். அவருடைய முதலே அந்தக் குதிரைதான். பீரங்கிக்கு எதிரே குதிரையை விட்டு, அது செத்தால் வாழ்க்கையே போயிற்று. புதுக் குதிரைக்கு யார் காசு தருவார்கள்? அதனால் நேருக்கு நேர் மோதலில் கொஞ்சம் பின்வாங்குவார். ஆபத்து குறைந்த, வரும்படி கூடிய வேலையில் முன்னே நிற்பார். அந்த வேலைக்கு இன்னொரு பெயர் கொள்ளை.

'கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் வாய் மூடும்' என்று குதிரையைச் சொல்வார்கள். குதிரைமேல் இருந்தவருக்கும் அது பொருந்தியது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சம்பளம் பேசப்பட்ட விதம் அப்படி. சிவாஜி, சிலேதார்களைவிட பார்கீர்களையே அதிகம் நம்பியதற்கு இதுவும் காரணம்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1495 ஜூலை 6 அன்று இத்தாலியின் ஃபோர்னோவோவில் போர். தாயகம் திரும்பிக்கொண்டிருந்த பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸை, வெனிஸும் கூட்டாளிகளும் மடக்கினார்கள். பிரெஞ்சுப் படையைத் தாக்க வேண்டிய ஸ்ட்ராதியோத்திகள், வழியில் அரசரின் மூட்டை முடிச்சு வண்டிகளைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். சண்டையை விட்டுவிட்டு வண்டிகளைச் சூறையாடப் போய்விட்டார்கள். சார்லஸ் தப்பி ஊர் போய்ச் சேர்ந்தார்.

பிரான்ஸிலேயே வெகுகாலம் ஒரு குதிரைப்படைப் பிரிவு அதன் கேப்டனின் சொத்துபோல இருந்தது. குதிரை செத்தால் வேறு வாங்கிவைப்பது அவர் பொறுப்பு. அந்தக் கேப்டன் குதிரைகளைக் களைக்க விடுவாரா?

மதுரை அடகுக்குப் போன கதை

இனி நம் ஊருக்கு வரலாம். 1755-இல் ஆர்க்காடு நவாப் முகம்மது அலியின் ஆட்சியை ஏற்கவைக்க, கர்னல் ஹெரானின் கம்பெனிப் படை மதுரைக்கும் நெல்லைக்கும் வந்தது. உடன் வந்தவர் நவாபின் அண்ணன் மாபூஸ்கான். அவருக்குக் குதிரைப்படை உண்டு. படையெடுப்பு முடிந்ததும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவரிடம் குத்தகைக்கு விடப்பட்டன.

கணக்கு லேசானதுதான். பாளையக்காரர்களிடமும் ஊர்களிடமும் வரி வசூலிக்க வேண்டும். அதில் குதிரைக்காரர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். மிச்சத்தை நவாபுக்குக் கட்ட வேண்டும். ஆனால், வரி ஒழுங்காக வரவில்லை. நெற்கட்டான்செவல் பூலித்தேவர் போன்றவர்கள் கட்டவே மாட்டோம் என்று எதிர்த்து நின்றார்கள். மழையை நம்பிய மானாவாரி நிலத்தில் கட்ட நினைத்தவர்களாலும் எல்லா வருஷமும் கட்ட முடியாது.

சம்பளம் பாக்கி விழுந்தது. காலாட்படை வீரருக்குப் பாக்கி என்றால் அவர் வயிறு காயும். குதிரைக்காரருக்குப் பாக்கி என்றால் குதிரையின் வயிறும் காயும். அந்தக் கால நவாப் படைகளில் ஜமேதார்கள் தங்கள் ஆட்களோடும் குதிரைகளோடும் வந்து சேவகத்தில் சேர்வது வழக்கம். குதிரைத் தீவனத்துக்கு அவர்கள் கடன் வாங்க வேண்டும். கடன் ஏறிக்கொண்டே போகும். முதலும் மெலிந்துகொண்டே போகும்.

1756-இல் அந்த ஜமேதார்கள் பொறுமை இழந்தார்கள். பரக்கத்துல்லா என்பவரின் தலைமையில் மதுரைக் கோட்டை அவர்கள் கைக்குப் போனது. மாபூஸ்கான் பெயருக்கு எஜமானர் ஆனார்.

கம்பெனியின் கேப்டன் கைலாட் 1757-இல் மதுரையை முற்றுகையிட்டார். யூசுப்கானும் உடன் இருந்தார். பின்னாளில் மருதநாயகம் என்று நாம் கொண்டாடுகிற அதே யூசுப்கான். ஏணி வைத்து ஏறிப்பார்த்தார்கள். நடக்கவில்லை. பீரங்கியால் சுவரை உடைத்து நுழையப்பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

கடைசியில் கோட்டைக் கதவைத் திறந்தது பணம். 1,70,000 ரூபாய் கைமாறியது. 1757 செப்டம்பர் 8 அன்று கைலாட் மதுரைக்குள் நுழைந்தார். அடகுக் கடையில் வைத்த நகையை மீட்பதுபோல, சம்பள பாக்கிக்காகப் பிடித்துவைத்த நகரத்தை மீட்டார்கள்.

அந்த 1,70,000 ரூபாய் வானத்திலிருந்து விழவில்லை. நவாபின் கணக்கோ, கம்பெனியின் கணக்கோ, எதில் எழுதினாலும் கடைசியில் அது வரியாகத்தான் திரும்பி வர வேண்டும். வரி என்பது சோளம் விதைக்கிறவர் வீட்டுப் படப்பும் பருத்திப் பொதியும்தான்.

முள்ளும் ஈட்டியும்

குதிரை வந்தால் என்ன செய்வது என்று தென்சீமை மக்கள் தங்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். வீரர்கள் பெரும்பாலும் காலாட்கள். கையில் நீண்ட ஈட்டி. குதிரையின் நீளத்தைவிட அதிக நீளம். ஓடிவருகிற குதிரை, ஈட்டி முனைகளின் வரிசையைப் பார்த்தால் தானாகவே தயங்கும். கூடவே வளரி. கோட்டையைச் சுற்றி முள்வேலி. மழை பெய்துவிட்டால் கரிசல் மண்ணே பாதிப் படை. இரண்டு அடி வைத்தால் குளம்பில் ஒரு படி மண் ஒட்டிக்கொள்ளும்.

1801-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையின் ஆட்கள் கட்டிய மண்கோட்டைக்கும் அப்படித்தான் முள்வேலி இருந்தது. மார்ச் 31 அன்று கம்பெனிப் படையின் தாக்குதல் தோற்றது. மேலும் படையும் பீரங்கியும் வந்து, மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. முள்ளுக்கும் மண்சுவருக்கும் முன்னால் குதிரைக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. கோட்டையை விட்டு வெட்டவெளியில் போகிறவர்களைத் துரத்தும்போதுதான் அதற்கு வேலை.

நவாபின் லாயத்திலிருந்து டாங்கி வரை

குதிரை யாருடையது என்ற கேள்விக்கு அரசுகள் மெதுவாக ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தன. தோல்விகளில் பாடம் படித்த பிரான்ஸில், 1762-இல் அமைச்சர் ஷ்வாசல் கேப்டன்களின் சொத்துரிமையை எடுத்துவிட்டு, குதிரைப் பொறுப்பை அரசின் தலையில் வைத்தார்.

சென்னையில் 1784-இல் நவாபின் குதிரை ரெஜிமென்ட்டுகள் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டன. அப்போதும் சும்மா இல்லை. பாக்கிச் சம்பளம் கேட்டு ஆரணியில் கலகம் நடந்தது. மதுரையில் நடந்தது 27 வருஷம் கழித்து வடக்கே மறுபடி நடந்தது. அதன்பிறகு சென்னைக் குதிரைப்படையில் குதிரை அரசுடையது, தீவனம் அரசுடையது.

வடக்கே மற்ற ரெஜிமென்ட்டுகளில் சிலேதார் முறை நீண்ட காலம் ஓடியது. முதல் உலகப் போரின்போது இந்தியக் குதிரைப்படையில் அந்த முறையில் இல்லாதவை என்று பார்த்தால், பழைய சென்னைப் படையிலிருந்து வந்த மூன்று ரெஜிமென்ட்டுகள்தான் முக்கியமானவை. அந்தப் போரில் குதிரைகள் கூட்டம் கூட்டமாக மடிந்தபோது, வீரர் தானே வேறு குதிரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு தாங்கவில்லை. போர் முடிந்ததும் அது கைவிடப்பட்டது.

1776-இல் ஆர்க்காடு நவாபின் சேவகத்தில் பிறந்த ஒரு ரெஜிமென்ட் இன்றும் இந்திய ராணுவத்தில் இருக்கிறது. பெயர் 16 லைட் கேவல்ரி. பெயரில் குதிரை உண்டு, லாயத்தில் கிடையாது. அவர்கள் ஓட்டுவது டாங்கி. அதற்கு டீசல் போடுவது அரசாங்கம். எந்த ஊர்ப் படப்பையும் அது தேடி வருவதில்லை.

வேளார் செய்த குதிரை

இப்போது மறுபடி கண்மாய்க்கரை அய்யனாருக்கு வரலாம். தென்மாவட்டங்களில் புரவி எடுப்புத் திருவிழா என்றால் ஊரே கூடும். வேளார் மண் குழைத்து, கால் வைத்து, உடம்பு வைத்து, தலை வைத்து, சூளையில் சுட்டு, வர்ணம் பூசுவார். ஊர்க்காரர்கள் அந்தக் குதிரைகளைத் தோளில் சுமந்துகொண்டு போய் அய்யனார் வாசலில் இறக்குவார்கள். ராத்திரி முழுக்க அய்யனார் அதில் ஏறி ஊரைக் காவல் சுற்றுகிறார் என்பது நம்பிக்கை.

யோசித்துப் பார்த்தால், காவலுக்கு என்று சொல்லி இந்தச் சீமைக்கு வந்த குதிரைகள் எத்தனையோ. பாண்டியனுடையது, நாயக்கருடையது, நவாபுடையது, கம்பெனியுடையது. ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் கொள்ளு வைக்க வேண்டியிருந்தது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் குதிரையில் ஏறாதவராகவே இருந்தார்.

ஊர் தானே வரி போட்டு, தானே செய்து, தானே சுமந்துகொண்டு வந்து வைத்த குதிரை இது ஒன்றுதான். ஆற்றில் இறங்கினால் கரைந்துபோகும், வாஸ்தவம். ஆனால் சம்பள பாக்கி கேட்டு ஊரை வளைத்துக்கொள்ளாது. மழையில் கரைந்துபோனால் ஊர் மறுபடி கூடிப் பேசி, வேளாரிடம் பிடிமண் கொடுத்துவிட்டு வரும். அடுத்த வருஷம் புதுக் குதிரை நிற்கும்.